பந்து கிண்ண மூட்டு

பாப்பாவின் தலையில் ஒரு மேடு இருந்தது. அதை முதலில் பார்த்தது நான்தான்.

மஞ்சள் காமாலைக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாட்கள் இருந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஊசிக் குழாய் போட்டிருந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. அக்கா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தவளின் தலையைத் தடவினேன். உச்சிக்குப் பக்கத்தில் ஓர் எலும்பு இன்னோர் எலும்பின்மேல் ஏறியிருப்பது விரலுக்குத் தெரிந்தது.

நான் பி.எஸ்ஸி. விலங்கியல். லாஸ்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். மண்டையோட்டில் இருப்பவை நாரிணைப்பு மூட்டுகள், அவை அசையா மூட்டுகள் என்றுதான் படித்தேன், அப்படித்தான் சொல்லியும் கொடுத்தேன். அசையாத மூட்டு எப்படி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்? மண்டை உடைந்துவிட்டது என்று நினைத்து அழுதேன். என்னைப் பார்த்து அக்காவும் அழுதாள். அக்கா மாமியார் வீட்டுக்கும் போன் போய், எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பொறக்கறப்ப வழி விடறதுக்காக எலும்பு அப்படி ஏறும்மா. தானா எறங்கிடும். பெரியவங்களுக்குத்தான் அது அசையாத மூட்டு."

மேடு அடுத்த வாரமே காணாமல் போனது. எனக்குப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. மண்டை டாக்டர்.

பாப்பாவுக்கு ஒன்றரை மாதம் ஆனபோது பெயர் வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்தார்கள். அதற்கு முந்தின நாள் நான் டியூஷனிலிருந்து வீட்டுக்கு வரும்போது தெருமுனையிலேயே அழுகை கேட்டது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு குறுகல். எந்த வீட்டுக் குழந்தை அழுதாலும் எல்லோருக்கும் கேட்கும்.

கூடத்தில் அப்பாவின் பழைய வேட்டியை நீளமாகப் பிடித்தபடி இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒரு முனையில் அம்மா, மறுமுனையில் எதிர்வீட்டு வீராயி அக்கா. நடுவில் பாப்பா. வேட்டியை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்க, உள்ளே அவள் உருண்டாள். அப்படி உருளும்போதெல்லாம் கத்தினாள்.

"உரம் வுழுந்திருக்குடி," என்றாள் அம்மா. "காலையிலேந்து தூக்கனாலே அழுவுது. கழுத்துல எங்கயோ புடிச்சிருக்கு."

வீராயி அக்கா என்னைப் பார்த்தார். "வாம்மா மண்டை டாக்டரு. நீ பீசு வாங்கினுதான் பாப்பியோ என்னமோ. நான் வெத்தலபாக்குக்கே பாத்துடுவேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் பாதிக் குழந்தைகளுக்கு அவர்தான் உரம் எடுத்திருக்கிறார். எனக்கும் எடுத்திருக்கிறார்.

இறக்கிப் பாயில் போட்டதும் பாப்பா கொஞ்ச நேரம் விம்மினாள். பிறகு அடங்கிவிட்டாள். பிறகு தூங்கினாள்.

"பாத்தியா நிர்மலா," என்று வீராயி அக்கா அம்மாவைப் பார்த்துக் கையைத் தட்டினார். "உரம் எடுத்ததும் புள்ள எப்படி அடங்கிடுச்சி."

அம்மா வெற்றிலை பாக்கோடு ஒரு பழமும் வைத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் துணி மாற்ற அக்கா என்னைக் கூப்பிட்டாள். குளிப்பாட்டியதும் கால் நேராக வளரவேண்டும் என்று அம்மா பாப்பாவின் இரண்டு கால்களையும் சேர்த்து மெல்லிய துணியால் சுற்றிவைப்பாள். நான் சுற்றைப் பிரித்தேன். வலது கால் உடனே உதைத்தது. இடது கால் உதைக்கவில்லை. மடங்கி, வெளிப்பக்கமாகச் சாய்ந்து, வைத்த பொம்மைக் கால் போல இருந்தது.

ஈரத் துணியை எடுக்க இரண்டு பாதங்களையும் பிடித்துத் தூக்கினேன். வீறிட்டாள். விட்டேன். நின்றது.

வலது காலை மட்டும் தூக்கினேன். ஒன்றும் இல்லை. இடது காலை விரல் அளவுதான் தூக்கியிருப்பேன். முகம் சிவந்து, வாய் திறந்து, சத்தம் வருவதற்கு முன்பே உடம்பு முழுக்க நடுங்கியது.

உள்ளங்காலில் கூச்சம் காட்டினேன். இடது கால் விரல்கள் அசைந்தன. தொடை அசையவில்லை.

"என்னடி பண்ற?" என்றாள் அக்கா.

"சும்மாதான்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. மதியம் அவள் அழுகையை நிறுத்தியது உரம் எடுத்ததால் இல்லை. அதற்கப்புறம் யாரும் அவளைத் தொடவில்லை.

அந்த வாரம் டியூஷனில் மூட்டுகள்தான் பாடம். பலகையில் படம் வரைவது எனக்குப் பிடிக்கும். வரையும்போது பிள்ளைகளுக்கு முதுகு காட்டலாம். நார்களால் இறுகத் தைத்த மூட்டு, மண்டையில். நடுவில் குருத்தெலும்பு வைத்து ஒட்டிய மூட்டு, முதுகெலும்பில். அது கொஞ்சம்தான் அசையும். மூன்றாவது, தாராளமாக அசையும் மூட்டு. அதில் கீல் வகை உண்டு, முளை வகை உண்டு, சேண வகை உண்டு. இடுப்பில் இருப்பது பந்தும் கிண்ணமும். இடுப்பெலும்பில் ஆழமான ஒரு கிண்ணம், அதற்குள் தொடை எலும்பின் உருண்டைத் தலை. இரண்டின்மேலும் வழவழப்பான குருத்தெலும்பு. சுற்றி ஒரு பை. பைக்குள் கொஞ்சம் திரவம்.

அந்தப் பையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பக்கமும் மூடியது. உள்ளே ஏதாவது சேர்ந்தால் வெளியேற வழி கிடையாது. குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாயும் இல்லை. அந்தத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. திரவம் கெட்டுச் சீழாகிவிட்டால்? ஒன்றரை மாதக் குழந்தையின் தொடைத் தலை முழுக்கவே குருத்தெலும்புதான். எலும்பாக இன்னும் ஆகவே இல்லை. அது கரைந்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்று முளைக்காது.

போனில் தேடினேன். வயிற்று உப்புசம் முதல் எலும்பு முறிவு வரை எல்லாம் வந்தது. மூட்டில் கிருமி என்பதும் வந்தது. கண்ணாடிப் பெட்டியில் இருந்து, கையில் குழாய் போட்ட குழந்தைகளுக்கு அது வரலாம், காய்ச்சல் இல்லாமலும் வரலாம், ஒரு நாள் தாமதம்கூட மூட்டைக் கெடுத்துவிடும் என்று இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மாவிடம் போனேன். அடுப்படியில் நாளை விழாவுக்குத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாப்பாவுக்கு இடது கால் சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அம்மா நிமிரவில்லை. "குளிப்பாட்டறப்ப கால நீவி வுட்டேன் இல்ல, லேசா சுளுக்கி இருக்கும். வெளக்கெண்ண தடவனா போயிடும்."

"சுளுக்கு இல்லம்மா. மூட்டுக்குள்ள..."

"கலை." இப்போது நிமிர்ந்தாள். "நாளைக்கு அவங்க வூட்டு மனுசாளு எல்லாம் வர்றாங்க. போன தடவ மாப்ளயோட அக்கா, அந்த வினோதா, என்னா பேசனா, உனக்கு ஞாபகம் இருக்குதா? 'உங்க பொண்ணு படிச்ச படிப்புக்கு எங்க அம்மா நெஞ்சு வெடிச்சிருக்கும்'ன்னா. மறுபடி ஆரம்பிக்காத. உன் கால்ல வுழுறேன்."

நான் ஆரம்பிக்கவில்லை. போன தடவையும் இப்படித்தான் எனக்கு உறுதியாக இருந்தது. அப்போது தப்பு. இப்போது மட்டும் எப்படிச் சரி? ஒருவேளை சுளுக்காகவே இருக்கலாம். விளக்கெண்ணெய் தடவியதும் பாப்பா தூங்கினாள். தூங்கும்போது அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காலையில் அவள் பால் சரியாகக் குடிக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். தொடையின் மடிப்புகள் வலது பக்கம் ஆழமாக இருந்தன. இடது பக்கம் தோல் உப்பி, மடிப்பே தெரியவில்லை. தொட்டால் கொஞ்சம் சூடு.

அக்கா தலை பின்னிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்கு உறுதியா தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். "தெரியலக்கா. ஆனா அதுவா இருந்தா ஒவ்வொரு மணி நேரமும்..."

"தெரியலன்னா எங்க அத்தகிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்?" சீப்பைக் கீழே வைத்தாள். "மதியத்துக்குள்ள முடிஞ்சிடும் கலை. சாப்பாடு ஆனதும் போலாம். நானே வர்றேன்."

வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது.

அக்கா வீட்டுக்காரர் பிரேம்குமார் மாமா, அவர் அம்மா, அவருடைய அக்கா வினோதா, இன்னும் உறவுக்காரர்கள். தட்டுத் தட்டாக வரிசை. அப்பா பெரிய மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த கதம்பத்தைக் கதவு நிலையில் கட்டிக்கொண்டிருந்தார். வினோதா அண்ணிக்கு எப்போதும் உரத்த குரல். ரெட்டியார்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்.

"எங்க நம்ம மண்டை டாக்டரு? இன்னிக்கி எந்த எலும்பு எகிறிச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

பெயர் வைப்பதும், முதல் கொலுசு போடுவதும் அத்தையின் உரிமை. வினோதா அண்ணி மணையில் உட்கார்ந்தார். அக்கா குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். பட்டுப்பாவாடைத் துணியில் சுற்றியிருந்ததால் கால் வெளியே தெரியவில்லை. வைத்த அசைவிலேயே பாப்பா முனகினாள்.

"அய்ய, அத்தய புடிக்கலயாடி உனக்கு? பேரு வெக்கறதுக்கு முன்னாடியே சண்டையா? இரு, மொதல்ல கொலுசப் போடுவோம், சத்தம் கேட்டா சிரிப்ப."

வலது காலுக்குப் போட்டார். பாப்பா பேசாமல் இருந்தாள். இடது காலைத் துணிக்குள்ளிருந்து இழுத்தார்.

பாப்பா அலறினாள். அந்த அலறலைக் கேட்ட பிறகும் கூடத்தில் யாரோ "காது குத்துக்கு என்னா பண்ணுவாளோ" என்று சிரித்தார்கள். வினோதா அண்ணி கொலுசின் திருகாணியைத் திறந்துகொண்டு மறுபடி காலைப் பிடித்தார்.

"வேணாம்."

நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி மணைக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். "அண்ணி, வேணாம். அந்தக் காலத் தொடாதீங்க."

அக்காவின் மாமியார், "என்னாம்மா இது, நல்ல காரியத்துல?" என்றார். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

வினோதா அண்ணியின் முகம் மாறியது. "ஏன்? நான் போட்டா ஆகாதா?"

"ஐயோ, அது இல்ல அண்ணி." மூட்டு, பை, குருத்தெலும்பு, எல்லாம் வரிசையாக உள்ளே இருந்தன. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்தாலும் யார் நம்புவார்கள்? "என்ன நம்ப வேணாம் அண்ணி. நீங்களே பாருங்க. ரெண்டு புள்ள வளத்திருக்கீங்க. துணி மாத்தற மாதிரி மொதல்ல வலது காலத் தூக்குங்க. அப்புறம் கொஞ்சமா, ரொம்பக் கொஞ்சமா, இடது கால்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பட்டுத்துணியை முழுதாகப் பிரித்தார். வலது காலைத் தூக்கினார். பாப்பா அவர் விரலை உதைத்தாள். இடது பாதத்தின் கீழே கை வைத்து லேசாக உயர்த்தினார். மறுபடி அதே அலறல்.

கையை எடுத்துவிட்டார். இன்னொரு முறை தூக்கிப் பார்க்கவில்லை. தொடையின் இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தார். புறங்கையால் தொட்டார்.

"எப்பலேந்து?"

"நேத்து காலையிலேந்து."

"அப்ப நேத்தே ஏன்டி வாயத் தெறக்கல?" என்று கத்தினார். நான் பதில் சொல்வதற்குள் பாப்பாவை மடியோடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "டேய் பிரேமு, சிலை மாதிரி நிக்கற? வண்டிய எடுடா. வேன் திருப்பறதுக்குள்ள விடிஞ்சிடும், ஆட்டோவக் கூப்புடு."

ஆட்டோவில் வினோதா அண்ணி, அக்கா, நான். மாமா அப்பாவின் பைக்கில் முன்னால் போனார். "ஞாயித்துக்கெழம சந்தக் கூட்டமா இருக்கும், காந்தி வீதிப் பக்கம் போயிடாத," என்று அண்ணி டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பாப்பா அழுதாள். அண்ணி தன் உள்ளங்கையைக் குழந்தையின் தொடைக்கு அடியில் ஒரு தட்டு போல வைத்து, கால் ஆடாமல் பார்த்துக்கொண்டார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

என் பயம் இப்போது இரண்டாகிவிட்டது. நான் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று ஒன்று. தப்பாக இருந்துவிடுமோ என்று இன்னொன்று. தப்பாகவே இருக்கட்டும், ஆயுசுக்கும் மண்டை டாக்டர் என்றே கூப்பிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அன்று புற நோயாளிகள் பிரிவு கிடையாது. அவசரப் பிரிவுக்குப் போனோம். என் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. பாப்பாவின் காலைத் தூக்கவே இல்லை. சும்மா நின்று பார்த்தார். கால் மடங்கியிருந்த விதத்தையும், அசையாமல் கிடந்ததையும். யாருக்கோ போன் செய்தார். ஸ்கேன் எடுத்தார்கள்.

"இடுப்பு மூட்டுக்குள்ள தண்ணி சேந்திருக்கு," என்றார் வெளியே வந்து. "ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும். சீழா இருந்தா உடனே தெறந்து கழுவணும்."

சீழாகத்தான் இருந்தது.

மாமா கையெழுத்துப் போட்டார். பேனா எழுதாமல் இரண்டு முறை உதறினார். பாப்பாவின் கையில் கட்டிய பட்டையில் அக்கா பெயரைப் போட்டு 'கார்குழலி குழந்தை, பெண்' என்று எழுதியிருந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியதும் வினோதா அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டுச்சேலை, வைத்த பூ, எல்லாம் அப்படியே.

அம்மாவும் வீராயி அக்காவும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். அம்மாவால் என்னை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீராயி அக்கா என்னை ஓரமாக இழுத்தார். "கலை, உண்மைய சொல்லு. நான் உருட்டனதால ஆச்சா?"

"இல்லக்கா. ரத்தத்துல கிருமி போயிருக்கு. அது முன்னாடியே வந்தது."

"வலிக்குதுன்னுதான அழுதிச்சி. நான் உரம்னு நெனச்சி இன்னும் உருட்டனேனே." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் அப்போது பக்கத்தில் நின்று சிரித்தவள்தான்.

ஆபரேஷன் முடிந்து பெரிய டாக்டர் வந்தார். நன்றாகக் கழுவிவிட்டோம், சில வாரம் மருந்து ஏற்றவேண்டும் என்றார். இரண்டு கால்களையும் அகட்டி வைத்துப் பட்டை போட்டிருந்தார்கள்.

"நடப்பாளா சார்?" என்றாள் அக்கா.

"இப்ப சொல்ல முடியாதும்மா."

மறுநாள் வார்டில் எக்ஸ்ரேயை நாங்கள் பார்த்தோம். வெளிச்சத்தில் பிடித்ததும் அக்கா கத்திவிட்டாள். தொடை எலும்பு கிண்ணம் வரைக்கும் போகவே இல்லை. நடுவில் ஒன்றுமே இல்லாத கறுப்பு. "போச்சா கலை? உருண்ட எங்க? கரஞ்சிடுச்சா?"

"அக்கா, இந்தப் பக்கத்தையும் பாரு." வலது இடுப்பைக் காட்டினேன். அங்கேயும் அதே இடைவெளி. "இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான். அது இன்னும் குருத்தெலும்பு. எக்ஸ்ரேல விழாது. நாலஞ்சு மாசம் ஆனா நடுவுல ஒரு புள்ளி வரும். அப்பதான் எலும்பாகத் தொடங்குதுன்னு அர்த்தம்."

"இதுல வருமா?" அவள் இடது பக்கத்தைத் தொட்டாள்.

"தெரியலக்கா," என்றேன். இந்த முறை அவள் கோபப்படவில்லை.

பாப்பா வீட்டுக்கு வந்தாள். விழா எதுவும் வைக்கவில்லை. அம்மா கால்களைச் சேர்த்துச் சுற்றுவதை விட்டுவிட்டாள். பட்டையைக் கழற்றிய நாளில் இடது தொடை மெலிந்து கிடந்தது. பிறகு ஒரு காலையில் லேசாக உதைத்தாள். உதைப்பது தசை. உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. வினோதா அண்ணி தினமும் போன் செய்து, "இன்னிக்கி எவ்ளோ தூரம் தூக்கனா?" என்று கேட்பார். நான் ஏதாவது சொல்வேன். அவர் நம்பிவிடுவார். அதுவும் எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாம் மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் வலது பக்கம் புள்ளி வந்திருந்தது. இடது பக்கம் வரவில்லை. தாமதமாகலாம், பார்ப்போம் என்றுதான் டாக்டர் சொன்னார். நான் அக்காவிடம் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னேன். டியூஷனில் மூட்டுப் படம் வரையும் நாள் வந்தபோது தலைவலி என்று லீவு போட்டேன்.

அடுத்த முறை படம் கைக்கு வந்ததும் அக்கா அதை உறையோடு என்னிடம் நீட்டினாள். "நீ மொதல்ல பாரு. நான் பாக்க மாட்டேன்." பாப்பா அவள் தோளில் அவளுடைய தாலிச் சரட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் பக்கம் போய் உருவினேன். முதலில் வலது பக்கத்தைத்தான் பார்த்தேன். புள்ளி பெரிதாகியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணை நகர்த்தினேன்.

கிண்ணத்துக்கு முன்னால் கறுப்பு. கறுப்புக்கு நடுவில் கடுகைவிடச் சின்னதாக, வெள்ளையாக. படத்தில் தூசி என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். போகவில்லை.

"அக்கா."

அவள் வந்தாள். "எங்க? காட்டு."

விரலை வைத்தேன். புள்ளி விரலுக்கு அடியில் மறைந்துவிட்டது. விரலை எடுத்துவிட்டு இரண்டு பேரும் மறுபடி பார்த்தோம். இருந்தது.